எட்டயபுரம் பாரதி வீட்டுக்கு மாணவர்களை அழைத்துப் போவது எப்படி: ஒரு நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை பிள்ளைகளை எட்டயபுரம் கூட்டிக்கொண்டு போனபோது, பாரதி பிறந்த வீட்டுக்குள் நுழைந்த 92 பேரும் 12 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். "இவ்வளவுதானா சார்?" என்று ஒருவன் கேட்டான். அவன் மேல் தப்பில்லை. சின்ன வீடு, சுவரில் படங்கள், ஒரு சிலை. எதைப் பார்ப்பது என்று நான்தான் சொல்லிக்கொடுக்காமல் அழைத்துப்போயிருந்தேன்.

அதற்குப் பிறகு நான்கு முறை போய்விட்டேன். மற்ற பள்ளிகளிலிருந்து வருகிற ஆசிரியர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கீழே இருப்பது திருநெல்வேலியிலிருந்து கிளம்பும் ஒன்பதாம் வகுப்பு, 45 பிள்ளைகள், 4 ஆசிரியர்கள் என்ற கணக்கு. உங்கள் ஊருக்கு ஏற்ப நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வேலைகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்த வீடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பாரதியின் பெயரில் நினைவு இல்லமாக இருக்கும் வீடுகள் முக்கியமாக மூன்று. எட்டயபுரத்தில் அவர் பிறந்த வீடு. புதுச்சேரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு. சென்னை திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்தில், அவர் கடைசியாக இருந்த வீடு.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. எட்டயபுரம் வீட்டில் நின்றுகொண்டு "இங்கேதான் குயில் பாட்டு எழுதினார்" என்று ஓர் ஆசிரியர் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். குயில் பாட்டு, கண்ணன் பாட்டு, பாஞ்சாலி சபதம் மூன்றும் 1908 முதல் 1918 வரையிலான புதுச்சேரிக் காலத்தைச் சேர்ந்தவை. கோயில் யானை அவரைத் தள்ளிவிட்ட சம்பவம் திருவல்லிக்கேணியில் நடந்தது.

எட்டயபுரத்துக்கு உரியவை வேறு. 1882 டிசம்பர் 11 அன்று பிறந்தது, 5 வயதில் தாய் லட்சுமி அம்மாளை இழந்தது, 11 வயதில் அரசவையில் 'பாரதி' பட்டம் வாங்கியது, 1897-இல் 14 வயதுப் பையனாக 7 வயது செல்லம்மாளைக் கல்யாணம் செய்தது, அடுத்த ஆண்டே தந்தை சின்னசாமி ஐயரைப் பறிகொடுத்தது. காசிக்குப் போய்விட்டு 1902-இல் திரும்பி வந்து ஜமீனில் வேலை பார்த்ததும் இந்த ஊரில்தான். பிள்ளைகள் பார்க்கப்போவது சுப்பையா என்ற பையனின் வீடு. இது உங்களுக்கே தெளிவாகிவிட்டால் மற்ற வேலைகள் சுலபம்.

2. நாள் குறிப்பது

குறைந்தது ஆறு வாரம் முன்னால் நாளைக் குறியுங்கள். டிசம்பர் 11, செப்டம்பர் 11 இரண்டும் வேண்டவே வேண்டாம். பிறந்த நாளும் நினைவு நாளும் பொருத்தமான நாட்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அன்று மாலை போட வருகிறவர்களும் அவர்களோடு வரும் கார்களும் தெருவை அடைத்துவிடும். பிள்ளைகள் ஓரமாக நின்று முதுகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஐப்பசி, கார்த்திகையும் சரிப்படாது. அது கரிசல் பூமி. மழை பெய்தால் செருப்பில் ஒட்டும் மண் ஒவ்வொரு அடிக்கும் கூடிக்கொண்டே போகும், அந்தக் காலோடு பஸ் ஏறினால் ஓட்டுநர் முகம் மாறும். பங்குனிக்கு மேல் வெயில். தை மாதம்தான் என் தேர்வு. வழியெல்லாம் காட்டில் அறுவடை நடக்கும். பாரதியின் தந்தை ஏன் இந்த ஊரில் பருத்தி ஆலை வைக்க ஆசைப்பட்டார் என்பதை ஜன்னல் வழியாகவே காட்டிவிடலாம்.

நாள் குறித்ததும் நினைவு இல்லத்துக்கு ஃபோன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: அன்று திறந்திருக்குமா, மதியம் எப்போது பூட்டுவார்கள், பராமரிப்பு வேலை ஏதும் நடக்கிறதா. பழைய கட்டடம், பழுதுபார்ப்புக்காக மூடியிருக்க வாய்ப்பு உண்டு. பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு முறையும் கேட்டுவிடுங்கள். பூட்டிய கதவின் முன்னால் 45 பேரோடு ஒருமுறை நின்றவன் சொல்கிறேன்.

3. காகித வேலை, இதே வரிசையில்

முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி. அடுத்தது, உங்கள் பள்ளிக்குத் தேவையென்றால், கல்வி அலுவலகத்துக்குக் கடிதம். மூன்றாவது வண்டி. கடைசியாகத்தான் பெற்றோர் ஒப்புதல்.

புதிதாகச் செய்கிறவர்கள் ஆர்வத்தில் பெற்றோரிடமிருந்து தொடங்குவார்கள். ஒப்புதல் படிவத்தில் தேதி, கிளம்பும் நேரம், வண்டி எண், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பணம் எல்லாம் இருக்க வேண்டும். வண்டி பேசாமல் பணத்தைச் சொல்ல முடியாது. அனுமதி வராமல் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. இந்த வரிசை தவறினால் 45 படிவத்தையும் திரும்ப அடித்துக் கையெழுத்து வாங்க அலைய வேண்டும்.

வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட், ஓட்டுநர் உரிமம் நான்கையும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்ற வாய்ச்சொல் போதாது.

படிவத்தின் கீழே ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: பிள்ளைக்கு பஸ்ஸில் வாந்தி வருமா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறதா. கடைசி இருக்கையில் யாரை உட்கார வைக்கக் கூடாது என்பது இதில்தான் தெரியும்.

4. போவதற்கு முன் மூன்று வகுப்புகள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் அந்த 12 நிமிடக் கதைதான். வீடு தானாகப் பேசாது.

*முதல் வகுப்பு: சின்னப் பயல்.* எட்டயபுரத்தில் காந்திமதிநாத பிள்ளை என்பவர், வயதில் இளைய பாரதியை மட்டம் தட்ட, 'பாரதி சின்னப் பயல்' என்ற ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. பாரதி அதே அடியை 'பார் அதி சின்னப் பயல்' என்று பிரித்து, காந்திமதிநாதனைப் பார், அதி சின்னப் பயல் என்று முடித்தாராம். கதையை நீங்கள் முடிக்காதீர்கள். அடியை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதைத் திருப்பி அடிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். என் வகுப்பில் நாலாவது நிமிடத்தில் ஒரு பெண் கண்டுபிடித்தாள். அதுவரை தமிழ் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவள்.

*இரண்டாம் வகுப்பு: இரண்டு கடிதங்கள்.* 1897-இல் படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் ஜமீனுக்குப் பாட்டாகவே ஒரு விண்ணப்பம் எழுதினார் பாரதி. 1919-இல் அதே சமஸ்தானத்துக்கு மறுபடியும் ஒரு சீட்டுக்கவி (பாட்டாக எழுதும் கடிதம்) எழுதினார். இடையில் 22 ஆண்டு. முதல் கடிதத்தில் கைகட்டி நிற்கும் பையன், இரண்டாவதில் தமிழ்நாட்டில் கவியரசர் இல்லை என்ற வசை என்னால் கழிந்தது என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். பொற்பை வேண்டும், பல்லக்கு வேண்டும் என்று கேட்கிறார், சாப்பாட்டுக்கே திண்டாடிய காலத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கடினமான சொல்லுக்கு மட்டும் பொருள் கொடுங்கள், விளக்கவுரை வேண்டாம்.

இதே வகுப்பில் நேரம் இருந்தால் 1910-இல் வந்த 'கனவு' என்ற அவருடைய சுயசரிதைப் பாட்டிலிருந்து சில பகுதிகள். மற்றப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றது, திருநெல்வேலியில் படித்த ஆங்கிலப் படிப்பால் அப்பாவுக்கு ஆயிரம் செலவு, தனக்குப் பல்லாயிரம் தீமை என்று திட்டுவது எல்லாம் அதில் இருக்கிறது. திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

*மூன்றாம் வகுப்பு: கிறுக்கா?* காசியில் குடுமியை எடுத்துவிட்டு மீசை வைத்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டது, செல்லம்மாள் உலைக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்தது, புதுச்சேரியில் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டுவிட்டது. அந்தக் காலத்துத் தெருக்காரர்கள் இவரை என்ன சொல்லியிருப்பார்கள் என்று பேசவிடுங்கள். 'பைத்தியம்' என்ற சொல் வகுப்பில் தானாக வரும். வரட்டும். உடனே "அப்படிச் சொல்லக் கூடாது, அவர் மகாகவி" என்று வாயை அடைத்தால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அரிசி தீர்ந்தபோது செல்லம்மாள் என்ன செய்திருப்பார் என்று ஒரு பிள்ளை கேட்கும்வரை காத்திருங்கள். யாராவது ஒருவர் கேட்பார்.

மிகையாகப் போய்விட்டது என்று நினைத்தால் ஒன்றைக் குறைக்கலாம், ஆனால் சின்னச் சங்கரன் கதையிலிருந்து நாலு பக்கமாவது பஸ்ஸில் வாசிக்க நகல் எடுத்து வையுங்கள். பாரதி முடிக்காமல் விட்ட கதை. கவுண்டனூர் ஜமீன்தாரின் அன்றாடப் பொழுதை அவர் கிண்டல் செய்திருக்கும் விதத்துக்குப் பஸ்ஸே சிரிக்கும். அந்தக் கவுண்டனூர் எந்த ஊர் என்று இறங்கும்போது அவர்களே சொல்லிவிடுவார்கள்.

5. ஆளுக்கு ஒரு வேலை

அச்சடித்த வினாத்தாள் கொடுக்காதீர்கள். நானும் ஒருமுறை இருபது கேள்வி அச்சடித்துக் கொடுத்தேன். 45 பேரும் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே நடந்தார்கள், வீட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வேலை எழுதிக் கொடுங்கள். எனக்குப் பலன் கொடுத்த சில:

- தெருவிலிருந்து வீட்டு வாசலின் அகலம் எத்தனை அடி என்று உன் காலால் அள. பக்கத்து வீட்டு வாசல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் அள.
- அம்மா இல்லாத 5 வயதுப் பிள்ளை இந்த வீட்டில் எங்கே ஒளிந்து விளையாடும்? படம் வரை.
- சுவரில் உள்ள பாரதியின் புகைப்படங்களில் எது எந்த ஊரில் எடுத்தது? சின்ன வயசுப் படம் இருக்கிறதா என்று தேடு.

கடைசிச் சீட்டு ஒரு பொறி. நமக்குக் கிடைத்திருக்கும் பாரதியின் அசல் புகைப்படங்கள் ஐந்துதான் என்கிறார்கள். காரைக்குடியில் 1919-இல் கையில் தடியோடு எடுத்தது அவற்றில் ஒன்று. சின்ன வயசுப் படம் ஒன்றுமே கிடையாது. தேடித் தேடிப் பார்த்துவிட்டு வந்து "இல்ல சார்" என்று சொல்லும் பிள்ளை, ஒரு காலத்தில் படம் எடுப்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளும்.

6. முந்தின நாள்

ஆளுக்கொரு பரீட்சை அட்டை, பென்சில், தண்ணீர் பாட்டில், தொப்பி அல்லது துண்டு. செல்போன் ஆசிரியர்களிடம் மட்டும். முதலுதவிப் பெட்டியோடு பாலிதீன் கவர் ஒரு கட்டு, எலுமிச்சம்பழம் பத்து.

சாப்பாடு வீட்டிலிருந்து கட்டுச்சோறு. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் தாங்கும். தேங்காய்ச் சாதம், தேங்காய்ச் சட்னி வேண்டாம், பதினொரு மணி வெயிலுக்கே புளித்துவிடும். 45 பேரை ஓட்டலில் உட்கார வைத்தால் ஒன்றரை மணி நேரம் அங்கேயே போய்விடும் என்பதால்தான் கட்டுச்சோறு. காசு மிச்சம் இரண்டாம்பட்சம்.

இன்னொன்றையும் முந்தின நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். சினிமா பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு 'எட்டப்பன்' என்றால் ஒரு வசைச்சொல். அந்த ஊரில் அது ராஜாக்களின் பட்டப்பெயர். டீக்கடை முன்னால் ஒரு பையன் இன்னொருவனை "ஏலே எட்டப்பா" என்று கூப்பிட, கடையில் இருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான்தான் போய், "அண்ணாச்சி, சின்னப் பிள்ளைங்க, தெரியாமச் சொல்லிட்டானுவ" என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டார். நமக்குத்தான் கூச்சமாகப் போயிற்று.

7. கிளம்பும் காலை

காலை 6:30-க்கு வண்டி நகர வேண்டும் என்றால் 6:00 என்று சொல்லுங்கள். கயத்தாறு, கோவில்பட்டி வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இட்லி சாப்பிட ஒரு நிறுத்தம் சேர்த்தாலும் 9 மணிக்குப் போய்விடலாம். பேருந்து நிறுத்தும் இடத்தில் முதல் வேலை கழிப்பறை, அதற்குப் பிறகுதான் மற்றது. நினைவு இல்லத்தை நம்பி 45 பேரை இறக்காதீர்கள்.

கயத்தாறைக் கடக்கும்போது யாராவது ஓர் ஆசிரியர், "கட்டபொம்மன் நினைவிடத்தையும் பார்த்துடலாமே, வழியிலதானே" என்பார். அடுத்தவர் பாஞ்சாலங்குறிச்சி என்பார், இன்னொருவர் ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. வீடு என்பார், பிள்ளைகள் தூத்துக்குடிக் கடல் என்பார்கள். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான், இன்னொரு நாள். ஒரே நாளில் ஐந்து இடம் என்று போகும் வண்டிகளில் பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருக்கிறார்கள்.

8. வீட்டில்: மூன்று குழு, மூன்று இடம்

45 பேரையும் ஒன்றாக உள்ளே விடாதீர்கள். பக்கத்து வீடுகளோடு சேர்ந்து நிற்கும் தெரு வீடு அது. 15 பேருக்கு மேல் உள்ளே போனால் முன்னால் நிற்பவர் பின்னந்தலைதான் தெரியும்.

15 பேராக மூன்று குழு. ஒன்று வீட்டுக்குள், ஒன்று தெருவில் அளந்துகொண்டும் வரைந்துகொண்டும், ஒன்று அதே ஊரில் இருக்கும் பாரதி மணிமண்டபத்தில். ஒவ்வோர் இடத்திலும் 30 நிமிடம், பிறகு மாற்றம். நான்காவது ஆசிரியர் எந்தக் குழுவிலும் சேராமல் வெளியே நிற்க வேண்டும், வழி தவறுகிறவர்களுக்காகவும் மயக்கம் வருகிறவர்களுக்காகவும். மணிமண்டபத்துக்குப் போகிற குழு மட்டும் வண்டியில் போகட்டும்.

உள்ளே நுழைந்ததும் முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது என்று வையுங்கள், நீங்களும்தான். அப்புறம் பொறுப்பாளரைப் பேசச் சொல்லுங்கள். அவர் எத்தனையோ கூட்டத்துக்கு ஒப்பித்த வரிகளைத்தான் முதலில் சொல்வார். "அண்ணாச்சி, இங்க வர்றவங்க அதிகமா என்ன கேப்பாங்க?" என்று ஒரு பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஒப்பித்தல் நின்று பேச்சு தொடங்கும். இதை மூன்று முறை பார்த்துவிட்டேன்.

அவர் பிறந்த இடம் என்று மார்பளவுச் சிலை வைத்திருக்கும் அறையில் பிள்ளைகள் செல்ஃபிக்கு இடம் தேடுவார்கள். போன் நம்மிடம்தானே இருக்கிறது. குழுவுக்கு ஒரு படம், கடைசி இரண்டு நிமிடத்தில். படம் எடுத்த பிறகு எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால்தான் கடைசியில்.

மணிமண்டபத்தில் ஒரே ஒரு தகவலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கல்கி முன்னின்று பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டி, 1947-இல் திறந்தது. 1919-இல் அவர் கேட்ட பொற்பையை நினைவுபடுத்தி, "இது யார் கொடுத்த காசு?" என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்பில் கடிதம் வாசித்தவர்கள் பதில் சொல்வார்கள்.

9. சாப்பாடும் அதற்குப் பிறகும்

12 மணிக்கெல்லாம் நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். இலையும் கவரும் ஒரே சாக்கில், அந்தச் சாக்கு நம் வண்டியில்.

சாப்பிட்ட பிறகு ஊருக்குள்ளேயே இரண்டு இடம் போகலாம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் நினைவிடம், 1835-இல் இந்த ஊரில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி. இரண்டிலும் செருப்பை வெளியே விட வேண்டும், சத்தம் கூடாது. இருபது நிமிடம் வீதம் போதும். பாரதிக்கு முன்பே இந்தச் சின்ன ஊர் புலவர்களையும் வித்துவான்களையும் வைத்துக் காப்பாற்றிய ஊர் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தால், பதினொரு வயதுப் பையனை அவையில் நிறுத்திப் பட்டம் கொடுத்த கதை நம்பும்படியாகிவிடும்.

பிள்ளைகள் சோர்ந்திருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். கட்டாயம் இல்லை.

10. திரும்பும் வழியும் மறுநாளும்

வண்டி கிளம்பும் முன் தலையை எண்ணாதீர்கள், பெயரைக் கூப்பிடுங்கள். எண்ணும்போது தூங்கி விழுந்துகிடக்கும் ஒரு தலை விடுபடும், இல்லையென்றால் எழுந்து நடமாடும் தலை இரண்டு முறை சேரும்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் மறுநாள் பெற்றோரே கேட்பார்கள். கடைக்குள் ஐந்தைந்து பேராக.

மறுநாள் முதல் பீரியடிலேயே சீட்டுகளை வாங்கிப் பேச வையுங்கள். ஒரு வாரம் கழித்து என்றால் கடலைமிட்டாய் மட்டும்தான் நினைவிருக்கும். கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். 'நான் சென்ற இன்பச் சுற்றுலா' என்று 45 பேரும் ஒரே கட்டுரையை எழுதித் தருவார்கள். அதற்குப் பதிலாக, எட்டயபுரம் ஜமீன் இடத்தில் இருந்து 1919 சீட்டுக்கவிக்கு ஒரு பதில் கடிதம். பத்து வரி போதும். போன தையில் வந்த பதில்களில் ஒன்று இப்படி முடிந்தது: "பல்லக்கு இப்போது எங்களிடமும் இல்லை. அரிசி அனுப்புகிறோம். குருவிக்குப் போடாமல் செல்லம்மாளிடம் கொடுக்கவும்."